மருந்து கேட்டால் சிலந்தியை எண்ணச் சொல்லும் கடை

இலங்கையின் கிழக்கில், அக்கரைப்பற்றிலிருந்து சாகாமம் போகும் வீதியில் ஒரு கிருமிநாசினிக் கடை இருக்கிறது. பெயரை எழுத வேண்டாமென்று கடைக்காரக் காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. வாசலில் பசளை மூடைகளுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டங்கள் அடுக்கிக் கிடக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நான் ஆலையடிவேம்புக்காரி. அப்பாவுக்குப் பிறகு வயலை நானே பார்க்கிறேன். வேளாண்மைக்கு வேண்டிய எல்லாவற்றையும் இப்போது இந்தக் கடையில்தான் வாங்குகிறேன். மாரி விதைப்புத் தொடங்குவதற்கு முன்னர் இதை எழுதினால் நாலு பேருக்கு உதவும் என்று நினைக்கிறேன், முக்கியமாக என்னைப் போல் ஆள் வைத்து வயல் செய்கிற பெண்களுக்கு.

இந்தக் கடையில் மருந்துப் போத்தல் லேசில் கைக்கு வராது. அறக்கொட்டிக்கு, அதாவது நெல் தண்டில் சாறு குடிக்கிற கபில நிறத் தத்திக்கு, மருந்து வேண்டுமென்று போய் நின்றால் காக்கா போத்தலை எடுக்கமாட்டார்.

"எத்தின நாள் வெள்ளாம புள்ள?"

"அம்பத்தஞ்சு நாள் காக்கா."

"என்ன நெல்லு? ஏக்கருக்கு எத்தின புசல் போட்டீங்க? கடைசியா யூரியா எப்ப எறிஞ்ச? தண்ணி கட்டி நிக்கிதா?"

இவ்வளவுக்கும் பதில் சொன்ன பிறகுதான் முக்கியமான கேள்வி வரும். "தண்டடியில பூச்சி எத்தின, சிலந்தி எத்தின?" தெரியாது என்றால் ஒரு தட்டத்தைத் தந்து அனுப்பிவிடுவார். தட்டம் இரவல், காசு இல்லை.

எண்ணும் முறையையும் அவரே கடை வாசலில் நின்று காட்டித் தருவார். காலை வெயில் ஏறுவதற்கு முன்னர் வயலுக்குள் இறங்க வேண்டும். வரம்போரத்தில் மட்டும் பார்க்கக்கூடாது, வயலுக்குக் குறுக்கே நடந்து பத்து இடத்தில் நிற்க வேண்டும். தட்டத்தைத் தண்ணீருக்கு மட்டமாகத் தண்டுகளோடு சேர்த்துப் பிடித்து, மற்றக் கையால் தண்டுகளை மூன்று நாலு தரம் தட்ட வேண்டும். வெள்ளைத் தட்டத்தில் விழுவதெல்லாம் தெளிவாகத் தெரியும். கபில நிறத்தில் அறக்கொட்டி, குஞ்சும் பெரிதுமாக. அதற்கிடையில் ஓடுகிற சிலந்தி. பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பூச்சி, காக்கா அதை மிரிட் என்பார். எல்லாவற்றையும் பிரித்து எழுதிக்கொண்டு வர வேண்டும். மற்ற இடங்களில் நாற்று நட்டிருந்தால் முடிக்கு (சேர்த்து நட்ட நாற்றுக் கொத்துக்கு) இத்தனை என்று எண்ணலாம். எங்களுடையது விதைப்பு வயல், முடி கிடையாது. அதனால் தண்டுக் கணக்குத்தான். ஒரு தண்டுக்கு ஒரு பூச்சி என்ற அளவைத் தாண்டினால் கவலைப்படலாம், அதுவும் சிலந்தியும் மிரிட்டும் குறைவாக இருந்தால் மட்டும் என்பது அவருடைய கணக்கு.

முதலில் கேட்பவருக்கு இது வீண் அலைச்சல் போல இருக்கும். பூச்சி கண்ணுக்குத் தெரியும்போது சிலந்தியை எண்ணச் சொல்கிறானே என்று கடை வாசலிலேயே கோபப்பட்டுப் போன ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் காரணம் இருக்கிறது, நல்ல வலுவான காரணம்.

அறக்கொட்டி பெருகும் விதத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பெண் பூச்சி இருநூறு முட்டை வரை இடும். அதில் பாதி பெண் என்று வைத்துக்கொண்டால், நூறு பெண். அந்த நூறும் இருநூறு இட்டால் இருபதாயிரம். முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். மூன்றரை மாத வேளாண்மையில் மூன்று தலைமுறைக்கு இடமிருக்கிறது. இந்தக் கணக்கின்படி அம்பாறை மாவட்டத்தில் ஒரு வயலும் மிஞ்சியிருக்கக்கூடாது. ஆனால் பெரும்பாலான போகங்களில் பெரும்பாலான வயல்களில் ஒன்றும் நடப்பதில்லை. ஏனென்றால் பிறப்பதில் மிகப் பெரும் பங்கை யாரோ தின்றுவிடுகிறார்கள். வலை கட்டாமல் தண்ணீர் மேல் ஓடித் திரிகிற ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சி வரை பிடிக்கும். மிரிட் முட்டையைக் குத்திக் குடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு குளவி, அறக்கொட்டியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கும். அந்த முட்டையிலிருந்து அறக்கொட்டிக்குப் பதில் குளவிதான் வெளியே வரும்.

கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது இவர்கள்தான். சிலந்தி வெளியே ஓடித் திரிவது, மருந்து நேரே படும். அறக்கொட்டியின் முட்டையோ தண்டைச் சுற்றிய மடலுக்குள் பத்திரமாக இருக்கும். அடித்து ஒரு கிழமையில் அது பொரித்து வரும்போது தின்ன ஆளில்லை. சிலந்தி மறுபடி பெருக அதற்கும் காலம் வேண்டும், அறக்கொட்டி அதைவிட வேகமானது. அதனால்தான் அடித்த வயலில் மூன்று நாலு கிழமைக்குப் பிறகு அடிக்காத வயலைவிடக் கூடுதலாகப் பூச்சி நிற்கும். நடு வயலில் வட்டம் வட்டமாக நெருப்பு வைத்தது போல் கருகும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. இந்தோனேசியாவில் அரசே மானிய விலையில் பூச்சிமருந்து கொடுத்து, அறக்கொட்டி கட்டுக்கடங்காமல் போய், கடைசியில் 1986 இல் ஜனாதிபதி உத்தரவு போட்டு நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடைசெய்தார்கள். மருந்து குறைந்த பிறகும் அந்த நாட்டின் நெல் விளைச்சல் குறையவில்லை. கடையில் மேசைக்குப் பின்னால் உள்ள சுவரில் இதைக் காக்கா கையால் எழுதி ஒட்டியிருக்கிறார். மருந்து விற்பவர் அதை ஒட்டியிருப்பதைப் பார்த்த நாள் முதல் எனக்கு அவர் மேல் மரியாதை.

இன்னொரு துண்டும் ஒட்டியிருக்கிறது: "விதைத்து 40 நாள் வரை இலைப்புழுவுக்கு மருந்து இல்லை." வியட்நாமின் மீகொங் படுகையில் 1990களில் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்த விதி இது. இளம் பயிரில் இலைசுருட்டிப் புழு தின்கிற இலையைப் பயிர் திரும்ப வளர்த்துக்கொள்ளும், விளைச்சலில் குறை வராது. ஆனால் அந்த நாட்களில் அடிக்கிற மருந்து சிலந்திக் குடித்தொகையை அடியோடு அழிக்கும். நான் ஒருமுறை கேட்டேன், "காக்கா, முதல் மாதத்தில் அறக்கொட்டியே இல்லாதபோது சிலந்தி எதைத் தின்று உயிர் வாழும்?" அவருக்குப் பதில் தயாராக இருந்தது. உழுது மடித்த வைக்கோலும் புல்லும் தண்ணீருக்குள் அழுகும்போது அதில் சின்னச் சின்ன ஈக்களும் நுளம்பு மாதிரிப் பூச்சிகளும் பெருகும். பயிருக்கு அவற்றால் கெடுதலுமில்லை, நன்மையுமில்லை. சிலந்திக்கு அதுதான் முதல் மாதச் சாப்பாடு. ஜாவாவில் 1990களில் வயல்களில் ஆராய்ந்து இதைக் கண்டிருக்கிறார்கள். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே போடுங்கள் என்று காக்கா சொல்வது பசளைக்காக மட்டுமல்ல என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். குடித்தொகை, இரைகௌவி, இரை என்று பாடத்தில் வந்தபோது கனடாவின் பனிமுயலையும் லிங்ஸ் பூனையையும் படித்தோம். ஹட்சன் குடாக் கம்பனி தோல் வாங்கிய கணக்கிலிருந்து வரைந்த வளைகோடு. முயல் கூடினால் சற்றுப் பிந்திப் பூனை கூடும், முயல் குறைந்தால் பூனையும் குறையும், சுமார் பத்து வருடத்துக்கு ஒரு சுற்று. பனியையே காணாத பிள்ளைகள் நாங்கள், சோதனைக்காகப் பாடமாக்கினோம். இந்தக் கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. எண்ணிக்கொண்டு வருகிறவர்களின் கணக்கையெல்லாம் காக்காவின் மகள் அதில் திகதி போட்டு எழுதுகிறாள். எந்த வட்டை (சேர்ந்து கிடக்கிற வயல்வெளி), எத்தனை நாள் பயிர், பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை, மிரிட் எத்தனை. மருந்தடிக்காத வயல்களின் பக்கங்களைப் புரட்டினால் அறக்கொட்டி ஏறுவதும், ஒன்றிரண்டு கிழமை பிந்தி மிரிட் ஏறுவதும், பிறகு இரண்டும் இறங்குவதும் வரிசையாகத் தெரியும். அந்தப் பிந்துகிற ஒன்றிரண்டு கிழமையில்தான் விவசாயி பயந்து போத்தலைத் தூக்குகிறான். கொப்பியைத் திருப்பிக் காட்டி, "இன்னும் அஞ்சு நாள் பொறுங்க, பொறகு எண்ணிட்டு வாங்க" என்று காக்கா சொல்வதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அந்த ஐந்து நாளை அவர் சொல்லித் தருகிறார் என்பதற்காகத்தான் நான் இந்தக் கடைக்குப் போகிறேன். கேட்காமலே இரண்டு போத்தலையும் கலந்து அடியுங்கள் என்று சொல்லி, கூட ஒரு ஊக்க மருந்தும் தந்து அனுப்பும் கடைகள் எங்கள் பக்கம் இல்லாமலில்லை.

இன்னொரு விஷயம், சிறகு. அறக்கொட்டியில் இரண்டு வடிவம் உண்டு. சிறகு குட்டையானது பறக்காது, நிற்கிற இடத்திலேயே நின்று கூடுதலாக முட்டையிடும். நெருக்கம் கூடி, பயிரும் முற்றினால் பிறக்கிறவற்றில் நீளச் சிறகு உள்ளவை கூடும். அவை பறந்து வேறு வயலுக்குப் போகும். ஆகவே தட்டத்தில் குட்டைச் சிறகு நிறைய விழுந்தால் இங்கேயே பெருகப் போகிறது என்று அர்த்தம், நீளச் சிறகு விழுந்தால் வந்து இறங்கியிருக்கிறது அல்லது கிளம்பப் போகிறது. குடித்தொகை என்பது பிறப்பும் இறப்பும் மட்டுமல்ல, வரவும் போக்கும் சேர்ந்தது என்பதைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனது. இங்கே அதைத் தட்டத்திலேயே பார்க்கிறோம். எலிக்கும் காக்கா இதே நியாயம்தான் சொல்கிறார். உங்கள் வயலில் மட்டும் எலியைக் கொன்றால் பக்கத்து வயல் எலி வந்து குடியேறும். விதைப்புக்கு முன்னர் வட்டை முழுவதும் ஒரே கிழமையில் செய்யாவிட்டால் மருந்துக் காசு வீண் என்று எலிமருந்து வாங்க வருகிற தனி ஆளிடம் நேரே சொல்லிவிடுவார். வட்டையின் தண்ணீரையும் வேலைகளையும் பார்க்கிற வட்டைவிதானைமாரிடமும் இதைப் பேசி வைத்திருக்கிறார். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்த விதைப்புத் திகதிகள் கடைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு வட்டை ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்தால் பூச்சிக்கு இடையில் சாப்பாடு இருக்காது. ஆளுக்கொரு திகதியில் விதைத்தால் அறுவடையான வயலிலிருந்து இளம் பயிருக்கு அது நடந்தே போய்விடும்.

விதைநெல் விஷயத்திலும் காக்கா பிடிவாதக்காரர். ஏக்கருக்கு இரண்டு புசல் என்பதுதான் விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு. எங்கள் ஆட்கள் மூன்று, நாலு என்று எறிவார்கள். முளைக்காவிட்டால், வாத்தும் குருவியும் தின்றுவிட்டால் என்ற பயம். இவரிடம் ஐந்து ஏக்கருக்கு இருபது புசல் கேட்டால் பத்துத்தான் தருவார். மிச்சத்தை வேறு கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்வார். அவர் சொல்வது சரியானது. ஒரே இடத்தில் நெருங்கி நிற்கிற நாற்றுகளுக்குள் வெளிச்சத்துக்கும் பசளைக்கும் போட்டி வரும், மெலிந்த தண்டாக உயர்ந்து மட்டம் வெடிப்பது, அதாவது பக்கத் தண்டு கிளைப்பது, குறையும். நாலு புசல் போட்டவனுக்கும் கடைசியில் ஏறக்குறைய அதே அளவு கதிர்தான் மிஞ்சும். இதோடு நிற்பதில்லை. அடர்ந்த பயிரின் அடியில் காற்றோட்டமில்லை, ஈரமும் நிழலும் எப்போதும் இருக்கும். அறக்கொட்டி விரும்பும் இடம் அது. அதற்கு மேல் யூரியாவை அள்ளி எறிந்தால் தண்டுச் சாறும் அதற்கு வாய்ப்பாகிவிடும். வயல் தாங்கக்கூடிய பூச்சியின் எண்ணிக்கையை நாங்களே உயர்த்திவிட்டு மருந்துக்கு ஓடுகிறோம்.

அறக்கொட்டியை எதிர்த்து நிற்கும் நெல் இருக்கிறதே, அதை விதைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கடையில் இருக்கிற வகைகளைக் காட்டுவார், கூடவே எச்சரிக்கையும் சொல்வார். பிலிப்பைன்ஸில் 1973 இல் வெளியிட்ட ஐ.ஆர். 26 என்ற நெல்லை அறக்கொட்டி தொடாது என்றார்கள். எல்லோரும் அதையே விதைத்தார்கள். அதைத் தின்னக்கூடிய ஒரு சில பூச்சிகள் மட்டும் தப்பிப் பெருகி, இரண்டு மூன்று வருடத்துக்குள் அந்த நெல்லும் கருகியது. எங்கள் நாட்டுப் பழைய நெல்லான ரத்து ஹீனட்டியிலிருந்து எடுத்த எதிர்ப்புக் குணம்தான் பிறகு வெளிநாட்டு நெல்லினங்களுக்கும் போயிருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. ஒரே நெல்லை எல்லா வயலுக்கும் போடாதீர்கள், வட்டைக்குள் இரண்டு மூன்று வகையாவது இருக்கட்டும் என்பது காக்காவின் ஆலோசனை.

குறைகளையும் சொல்ல வேண்டும். களை விஷயத்தில் இந்தக் கடை பூச்சி விஷயத்தில் இருக்கிற அளவு கவனமாக இல்லை. நெற்சப்பி என்ற களைப் புல்லுக்கு ஒவ்வொரு போகமும் ஒரே புல்லெண்ணெயைத்தான் (களை மருந்தைத்தான்) எடுத்துத் தருகிறார். பூச்சியைத் தெரிந்தெடுத்துப் பெருக்கிய அதே விதி புல்லுக்கும் பொருந்தும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதற்குச் சாகாத புல்லே மிஞ்சும். இதை அவரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொண்டார், அலுமாரியில் இன்னும் மாற்றம் இல்லை. பயிரோடு களையாக முளைக்கிற பன்றிநெல்லுக்கு மட்டும் சரியான பதில் சொல்கிறார்: அதுவும் நெல்தான், நாங்கள் விதைக்கிற நெல்லைக் கொல்லாமல் அதைக் கொல்ல மருந்தில்லை, சுத்தமான விதைநெல்லும் விதைப்புக்கு முன்னர் முளைக்க விட்டு உழுவதும்தான் வழி.

அறுவடை வரை கடன் கிடையாது. மற்றக் கடைகளில் நெல் விற்ற பிறகு காசு கொடுக்கலாம் என்பதால் கை இறுகிய ஆட்கள் அங்கேதான் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடனில் தருகிற கடைக்காரன் நீட்டுகிற போத்தலை வேண்டாமென்று சொல்வது கஷ்டம். இவர் பாதிக் கடனாவது கொடுத்தால் எண்ணிப் பார்த்து அடிக்கிறவர்கள் இன்னும் கூடுவார்கள். கையுறையும் முகமூடியும் பல நேரம் முடிந்திருக்கும், மருந்து விற்கிற கடையில் அது இருக்கக்கூடாத குறை. விதைப்புக் காலத்தில் ஒரு ஆளுக்குக் கால் மணித்தியாலம் எடுத்துப் பேசுவதால் பின்னால் நிற்பவர்கள் வெயிலில் காய்கிறார்கள். உட்கார ஒரு வாங்கு போடலாம்.

வயசான, குனிந்து எண்ண முடியாத ஆட்களுக்கும் இந்த முறை சிரமம். என் வயலைப் பார்த்துக்கொள்கிற முல்லைக்காரருக்குக் கண் மங்கல், மிரிட்டையும் பச்சைத் தத்தியையும் பிரித்தறிய அவரால் முடியாது. அவருக்காகக் காக்காவின் மகள் சின்னப் போத்தல்களில் ஒவ்வொரு பூச்சியையும் போட்டுப் பெயர் எழுதித் தந்தாள். இப்போது அவருடைய பேரன் எண்ணுகிறான். போத்தலைப் பள்ளிக்கும் கொண்டுபோயிருக்கிறான்.

விலை மற்ற இடங்களைப் போலத்தான், போத்தலுக்கு ஐம்பது நூறு முன்னே பின்னே. ஆனால் மொத்தச் செலவு குறையும், ஏனென்றால் வாங்குகிற போத்தல் குறைவு. போன மாரியில் என் வயலுக்குப் பூச்சிமருந்தே அடிக்கவில்லை. குடலைப் பருவத்தில், கதிர் வெளியே வருவதற்கு முன்னர், பூச்சி ஏறியபோது காக்கா சொன்னபடி இரண்டு மூன்று நாள் தண்ணீரை வடியவிட்டேன், யூரியாவை நிறுத்தினேன், எண்ணிக்கொண்டே இருந்தேன். தட்டத்தில் ஓநாய்ச் சிலந்திகள் முதுகில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு விழுந்தன. ஒரு மூலையில் கொஞ்சம் மஞ்சளித்தது, பரவவில்லை. எல்லா வருடமும் இப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை. மழை மூட்டமும் காற்றும் வேறு மாதிரி இருந்தால் அடிக்கத்தான் வேண்டிவரும், அப்போது எந்த மருந்தை, தண்டின் அடியில் படும்படி எப்படி அடிப்பது என்பதையும் அவரிடம்தான் கேட்பேன்.

போகிறவர்கள் காலையில் ஒன்பது மணிக்கு முன்னர் போங்கள், ஆறுதலாகப் பேசலாம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் கடை பூட்டு, பிறகு திறப்பார். விதைத்த திகதியையும் போட்ட பசளையையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் நேரம் மிச்சம். விதைநெல் வேண்டுமானால் ஆரம்பக் கூட்டம் முடிந்த கிழமையே சொல்லி வையுங்கள், பிந்தினால் முடிந்துவிடும். இரவல் தட்டத்தைக் கழுவித் திருப்பிக் கொடுங்கள், அடுத்த ஆள் காத்துக்கொண்டிருப்பார்.